வெளுத்த தாலி

எழுபதுகளில் விருத்தாசலத்தில், பீங்கான் ஆலைகளின் புகை விழும் தெரு ஒன்றில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஆலையில் சூளை வேலை. எங்கள் கைக்குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு விழித்து அழும். பாதரசத்தை இறுக்கிச் செய்த ரசமணியை இடுப்பில் கட்டினால் பயம் தெளியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆலையில் கருவி ஒன்று உடைந்து சிந்திய பாதரசத்தை இவர் மைப்புட்டியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மணியைக் கடையில் வாங்கிக் கட்டியிருக்கலாம். இவருக்கு எதையும் தானே செய்து பார்க்க வேண்டும்.

வெளியே மழை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. நிலக்கரி அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்துப் பாதரசத்தை ஊற்றி, ஏதோ பச்சிலைச் சாற்றைப் பிழிந்தார். இறுகி மணியாகும் என்றார். மடியில் தூங்கும் குழந்தையோடு நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் சட்டிதான் மிச்சம்.

"எங்க போச்சுங்க?"

"ஆவியாப் போச்சு. போனாப் போவுது, வுடு."

மறுநாள் குழந்தைக்கு இருமல். மழைச் சளி என்று நினைத்தேன். குளிக்கும்போது பார்த்தால் என் தாலி வெள்ளி மாதிரி வெளுத்திருந்தது. ஈரத்தலையோடு பக்கத்து வீட்டுக்கு ஓடிக் காட்டினேன்.

"வூட்டுக்காரருக்கு ஏதோ ஆவப் போவுது. கோயிலுக்குப் போயிட்டு வா" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சூளை முன்னால் நிற்கிற மனுஷன். அவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை வாசலிலேயே கிடந்தேன்.

தாலியைப் பார்த்ததும் அவரும் பயந்துதான் போனார். உடனே என்னையும் குழந்தையையும் நகை ஆசாரியிடம் கூட்டிப்போனார். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தாலியைக் கழற்றிக் கொடுத்தேன். ஆசாரி சிரித்தார்.

"பாதரசம் ஏறியிருக்குதும்மா, வேற ஒண்ணும் இல்ல. நெருப்புல காட்டினா பறந்துடும்."

நெருப்பில் காட்டினார். தங்கம் மஞ்சளாகத் திரும்பியது. என் வீட்டுக்காரருக்குப் போன உயிர் வந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கழுத்தில் ஏறியது, அதற்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு தூங்கிய குழந்தைக்குள் ஏறாமலா இருந்திருக்கும்? இப்போது பறந்தது எங்கே போயிருக்கும்? குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே ஓடினேன். தெருவிலும் ஆலைப் புகைதான். நிலக்கரியிலேயே பாதரசம் உண்டு என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலே பயந்தேன்.

"அதான் சரியாப் போச்சே, இன்னும் ஏன் அழுவுற?" என்று பின்னாலேயே வந்த அவர் தாலியை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. முந்தானைக்குள் குழந்தை இருமிக்கொண்டிருந்தது.