மேக்ஸீன் கேட்டு வாங்கிய போலீஸ்

மேக்ஸீன் டுஃப்ரேனுக்கு வாய் அதிகம் என்று நகரசபையில் எல்லோருக்கும் தெரியும். அதிகம்தான், இப்போது என்ன? பள்ளிக்கூட பஸ் ஓட்டியே தலை நரைத்தவள். பின்சீட்டில் எவன் எவனைக் கிள்ளினாலும் திரும்பிப் பார்க்காமலே பேர் சொல்லி அதட்டுவாள். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தொண்டையோடு ஒவ்வொரு நகரசபைக் கூட்டத்துக்கும் போய் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: எங்கள் பேட்டைக்கு ஒரு போலீஸ்காரன்.

மரம் அறுக்கும் மில் மூடியதிலிருந்து அந்தப் பேட்டையைச் சீந்துவார் இல்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் கதவை உடைத்தாலும் மண்டையை உடைத்தாலும் ஆற்றுக்கு அக்கரையிலிருந்துதான் போலீஸ் வர வேண்டும். வந்து சேருவதற்குள் திருடன் சாப்பிட்டுத் தூங்கியே எழுந்துவிடுவான்.

கடைசியில் அவள் தொல்லை தாங்காமல் போலீஸ் கேப்டன் விட்லாக் ஒரு வழி சொன்னார். "ஆபீஸ் வேணும்னா நீங்களே ஒரு இடம் பாருங்க, மேடம். நீங்களே உட்காருங்க. போர்டும் பேரும் நாங்க தர்றோம். ஒரு ஆளையும் ஒரு காரையும் உங்க பக்கம் போட்டு வைக்கிறோம்."

நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான். ஆனாலும் மேக்ஸீன் விடவில்லை. பூட்டிக் கிடந்த ஒரு செருப்புக் கடையை அதன் சொந்தக்காரர் சும்மா கொடுத்தார். பேட்டை ஜனம் கூடி எலிப் புழுக்கையைக் கூட்டிப் பெருக்கியது, சுவருக்கு வெள்ளை அடித்தது, மேஜை நாற்காலி கொண்டுவந்து போட்டது. கண்ணாடியில் 'பேட்டைக் காவல் அலுவலகம்' என்று எழுதினார்கள். உள்ளே சம்பளம் வாங்குகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. மேக்ஸீனும், பழைய தபால்காரர் ஓர்விலும், இன்னும் சில கிழடு கட்டைகளும் முறை வைத்து உட்கார்ந்தார்கள். காப்பி எந்நேரமும் சூடாக இருந்தது.

காரோடு வந்தவன் ஹால்வர்சன். பனைமரம் மாதிரி உயரம், பேச்சு குறைவு. ரோந்துக்கு நடுவே வந்து காப்பி குடிப்பான், மேக்ஸீன் சொல்வதைக் கேட்பான், போய் ஆளைப் பிடிப்பான். வேறென்ன வேண்டும்?

பேட்டைக்காரர்களுக்கு அவசர போன் என்றாலே வேப்பங்காய். எடுத்தவுடன் உன் பேர் என்ன, எழுத்துக் கூட்டிச் சொல், தெரு என்ன, யாருக்காவது ரத்தம் வருகிறதா என்று ஆயிரம் கேள்வி. மேக்ஸீன் பார்த்தாள். "அந்த நம்பருக்கு அடிச்சுத் தொண்டத் தண்ணிய வத்தடிக்காதீங்க. நேரா இங்க வாங்க, நான் ஹால்வர்சன்கிட்ட சொல்லிக்கிறேன்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். ஜனம் அப்படியே செய்தது.

அதில் டெஸ்ஸியும் ஒருத்தி. துணி வெளுக்கும் கடையில் வேலை, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவளை அடித்து நொறுக்கிவிட்டுப் போன புருஷன் டுவைட், அவள் தெருப் பக்கமே தலை வைக்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு. வைப்பான். டெஸ்ஸி அலுவலகத்துக்கு ஓடி வருவாள். ஹால்வர்சன் போய் நின்றால் போதும், டுவைட் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவான். அவள் ஒருமுறைகூடப் போனைத் தொட்டதில்லை.

வசந்தம் வந்தது. கேப்டன் விட்லாக் பெரிய கேக்கோடு வந்தார், நீலக் கிரீமில் 'நன்றி' என்று எழுதியிருந்தது. "உங்க பேட்டையிலிருந்து வர்ற அவசர போன் பாதிக்கு மேல குறைஞ்சுபோச்சு! எல்லாம் உங்க உழைப்பு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். "அதனால ஹால்வர்சனையும் காரையும் அக்கரைக்கு மாத்துறோம். அங்கதான் போன் ஜாஸ்தி."

கேக் வெட்டிக்கொண்டிருந்த மேக்ஸீனின் கத்தி நின்றது. "போன் குறைஞ்சா திருட்டு குறைஞ்சிருச்சுன்னு அர்த்தமா? அவங்க எல்லாரும் இங்க வந்து எங்ககிட்ட சொன்னாங்கய்யா!"

"அது எங்க கணக்குல வராதுங்களே, மேடம். போனை வச்சுத்தான் கார்."

"அப்ப இத்தனை நாள் இங்க உட்கார்ந்து நாங்க என்ன புடுங்கினோம்?"

கேப்டன் சிரித்து மழுப்பினார். ஒரு துண்டு கேக்கும் சாப்பிட்டார். மனிதனுக்கு எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ. பேட்டை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. அதை வாரிக் கொடுத்தவள் தான் என்பது மேக்ஸீனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். பட்டப்பகலில் டெஸ்ஸி குழந்தையோடு ஓடி வந்தாள், பின்னாலேயே டுவைட். மேக்ஸீன் கதவைத் தாழ் போட்டு முதுகைக் கொடுத்து நின்றாள். ஓர்வில் அவசர நம்பரை அடித்துப் போனை எட்டி மேக்ஸீன் கையில் கொடுத்தார்.

"உங்க பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க" என்றது போன்.

"கூட்டுறதும் கழிக்கிறதும் அப்புறம்! கதவை உடைக்கிறான்டி அம்மா, கேட்குதா? உதைக்கிறான் பாரு! காரை அனுப்பு!"

கார் அக்கரையிலிருந்து வர வேண்டும். பாலத்தில் நெரிசல். டுவைட் உதைத்து உதைத்துப் பார்த்தான், கதவு விடவில்லை. வெளியே கிடந்த பெஞ்சைத் தூக்கிக் கண்ணாடியில் வீசினான். 'காவல்' என்கிற எழுத்தெல்லாம் சிதறி உள்ளே விழுந்தது. குழந்தையை மறைத்த டெஸ்ஸியின் கை கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் ஓடிப்போனான், கோழை. வெகுநேரம் கழித்து முகம் தெரியாத ஒரு போலீஸ்காரன் வந்து, "ஆள்தான் போயிட்டானே" என்றான்.

டெஸ்ஸி அழவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள், "அடுத்த தடவை நான் எங்க ஓடுறது, மேக்ஸீன்?"

மேக்ஸீன் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடிச் சில்லைக் கூட்டத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் அவள் அலுவலகத்தைத் திறந்து வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். சைக்கிள் திருடு போனது என்று ஒருவர் வந்தார். "உள்ள வராதீங்க! வீட்டுக்குப் போய் போன் பண்ணுங்க!" கொட்டகைப் பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று ஒருத்தி வந்தாள். "போன் பண்ணு! எழுத்துக் கூட்டச் சொன்னா கூட்டு, பாட்டாப் பாடு! பொய் ஒண்ணும் சொல்லாதே, ஆனா நடந்ததுல ஒண்ணையும் விடாதே!"

"கடையத் திறந்து வச்சுக்கிட்டு வர்றவங்களை விரட்டுறியே, உனக்கு மறை கிறை கழண்டுபோச்சா?" என்றார் ஓர்வில்.

"கழண்டது எனக்கில்ல, அந்தக் கேப்டனுக்கு. அவனுக்கு மணி அடிச்சாத்தான் காது கேட்குமாம். அடிப்போம்."

அடித்தார்கள். அந்தப் பேட்டையில் இத்தனை அக்கிரமம் நடக்கிறதா என்று அவசர போன்காரர்களே வாயைப் பிளந்தார்கள். எல்லாம் எப்போதும் நடந்ததுதான். இப்போது கணக்கில் ஏறியது, அவ்வளவே. பனி விழத் தொடங்குமுன் ஹால்வர்சனின் கார் ரயில் பாதையைத் தாண்டி மறுபடி வந்தது.

மேக்ஸீன் காப்பியை ஊற்றி நீட்டினாள். அவன் வாங்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"சாவியை வாங்கிட்டு வரச் சொன்னாங்க, மேக்ஸீன்."

"எந்தச் சாவி?"

"இந்த ஆபீஸ் சாவி. ஆபீஸ் வந்தும் குற்றம் ஏறிப்போச்சாம். பிரயோஜனம் இல்லை, மூடிடுங்கன்னு கேப்டன் உத்தரவு."

ஓர்வில் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மேக்ஸீன் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது. கேப்டனில் தொடங்கி, நகரசபை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தக் கேக்கைச் சுட்டவனில் வந்து முடித்தாள். ஹால்வர்சன் அத்தனையையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டான்.

மூச்சு வாங்க நிறுத்தினாள். "காரு?"

"கார் இருக்கு. நானும் இருக்கேன். இனிமே இந்தப் பக்கம்தான்."

அவள் அவனையே பார்த்தாள். வளையத்திலிருந்து சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"டெஸ்ஸி வீடு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டா இங்க நின்னு என் மூஞ்சியப் பார்க்கிறே? போ, அந்தத் தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு வா. அவ கண்ணுல படுற மாதிரி மெதுவாப் போ."

அவன் போனான். கார் டெஸ்ஸியின் தெருவுக்குள் திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, மேக்ஸீன் உள்ளே வந்து மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"என்ன பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே? அந்தப் பக்கம் தூக்கு" என்றாள் ஓர்விலிடம். "என் கார் கொட்டகையில இடம் இருக்கு."