அம்புக்குறி எக்சாஸ்ட் பக்கம்

மோட்டார் மெக்கானிக்குகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இன்னொருவன் பூட்டிய என்ஜினைத் திறந்ததும் முதல் வேலையாக அவனைத் திட்டுவோம். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்றால் சத்தம் இன்னும் கூடும். முன்பு பூட்டியவன் முட்டாள் என்றால் இப்போது திறப்பவன் கெட்டிக்காரன் என்று தானாக ஆகிவிடுகிறது, இல்லையா? மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் என் மோட்டார் சைக்கிள் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் இந்தப் பழக்கத்தை விடச் சொல்வேன். ஏன் என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

சுபாங் ஜெயாவில் இருக்கும் குணா என் பழைய வாடிக்கையாளர். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் வேலை பார்த்த காலத்திலிருந்து பழக்கம். ஒரு நாள் லோரியில் ஒரு ஸ்க்ரேம்ளர் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். காட்டுப் பாதையில் ஓட்டுகிற டூ-ஸ்ட்ரோக். பண்டமாரானில் அவருடைய அப்பா வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே பல வருடங்களாகக் கிடந்ததாம். ஏர் பில்டர் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. மிதித்து ஸ்டார்ட் செய்கிற கிக்கர் இம்மியும் அசையவில்லை.

"உயிர் வருமா அண்ணே?"

"என்கிட்ட வந்துட்டு வராம எங்க போகும்?" என்றேன். அப்போதே வாயை மூடியிருக்கலாம்.

"தம்பி நாசம் பண்ணதுண்ணே. எண்ணெய் கலக்காம ஓட்டிட்டான்."

இந்த வகை என்ஜினுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். மறந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். தம்பி தீபன் அதைத்தான் மறந்தானாம். இன்றைக்கும் வீட்டில் யார் அவன் கையில் எதைக் கொடுத்தாலும், "எண்ணெய் ஊத்துனியாடா?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். சொல்லிவிட்டுக் குணா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டேன். திறக்கிற அன்று குணாவும் வந்து பக்கத்தில் நின்றார். நட்டுகளைக் கழற்றி, சிலிண்டரை லேசாகச் சூடு காட்டி, மரச் சுத்தியலால் தட்டினேன். முரண்டு பிடித்துக் கடைசியில் வந்தது.

பிஸ்டனின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது புகை வெளியேறுகிற எக்சாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். இதில் நேர் எதிராக, கார்புரேட்டர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்டனைத் திருப்பிப் பூட்டினால் ரிங்கின் முனைகள் எக்சாஸ்ட் ஓட்டையில் போய் மாட்டும். மாட்டி உடைந்து, சிலிண்டரைக் கீறி, என்ஜினை இறுக்கியிருந்தது.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எந்த மடையன் லா இத பூட்டுனான்? அம்புக்குறி பாக்கத் தெரியாதவன்லாம் ஸ்பேனர் புடிச்சா இப்படித்தான்! கண்ண எங்க வெச்சிருந்தான்?"

நான் இன்னும் கொஞ்சம் திட்டினேன். பிறகுதான் குணா மெதுவாகச் சொன்னார்.

"நீங்கதானே அண்ணே பூட்டுனீங்க. பிரிக்பீல்ட்ஸ் கடையில இருந்தப்ப. தம்பி ஓட்டுனதுக்கு முந்தின வாரம்."

"இருக்காது லா. எனக்கப்புறம் வேற எவனாச்சும் தொறந்திருப்பான்."

பூட்டி முடித்த நட்டுகளில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பது என் வழக்கம். வேறு யாராவது திறந்தால் பொட்டு உடைந்துவிடும். பிறகு என்மேல் பழி போட முடியாது. தட்டில் கிடந்த நட்டுகளைத் துணியால் துடைத்தேன். அழுக்குக்கு அடியில் மஞ்சள் இருந்தது. உடைந்த ஓரங்கள் புதிதாக மின்னின. அவற்றை உடைத்தது அன்று காலை நான்தான்.

அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. செம்பனைக் காட்டிலிருந்து மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்த களைப்போடு தீபன் பிரிக்பீல்ட்ஸ் கடை வாசலில் நின்றான். "கலந்தேன் அண்ணே, நானே அளந்து ஊத்துனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் என்ஜினைத் திறக்கவே இல்லை. கிக்கரை ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, "என்ஜின் பொய் சொல்லாது தம்பி" என்றேன். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். குணா அவனை அங்கேயே அறைந்தார். நான் திரும்பி என் வேலையைப் பார்க்கப் போனேன்.

கிரேங்க் கேஸைச் சாய்த்தேன். அடியிலிருந்து, பெட்ரோலில் கலக்கிற அதே டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் சிவப்பாக வழிந்து தட்டில் தேங்கியது. பெட்ரோல் ஆவியாகிப் போயிருந்தது, அவன் கலந்த எண்ணெய் மட்டும் இத்தனை வருடம் அங்கேயே இருந்திருக்கிறது. பேரிங்கில் ஒரு துளி துரு இல்லை.

குணா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இத அவன்கிட்ட சொல்லணுமா? பழைய கதை. மோட்டார் ஓடினா போதும் லா."

அந்த நிமிடம் அது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். எழுதும்போதே முகம் சூடாகிறது. தட்டைக் கழுவலாம் என்று கையில் எடுத்தேன். எடுத்தேனே தவிரக் கொட்ட மனம் வரவில்லை.

"நீங்க கூப்பிடறீங்களா, நான் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"நீங்களே கூப்பிடுங்க. என்னால முடியல."

தீபன் இப்போது துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறான். வேலை முடிந்து சட்டைகூட மாற்றாமல் வந்தான். அண்ணனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். நான் பிஸ்டனைக் காட்டினேன், தட்டைக் காட்டினேன். "தப்பு என்னோடது தம்பி. நீ கலந்திருக்க. அன்னிக்கு நான் தொறந்துகூடப் பாக்கல" என்றேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் எண்ணெயில் விரலைத் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கலந்தேன்னுதான் அண்ணே சொன்னேன். அப்பறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, கலக்கலையோன்னு எனக்கே ஆயிருச்சு. இப்பவும் லோரிய எடுக்கறப்ப எண்ணெ அளவு பாக்கற டிப்ஸ்டிக்க இழுத்துப் பாத்துட்டு, ஏறி உக்காந்து, மறுபடியும் இறங்கிப் பாப்பேன். கூட்டாளிங்கல்லாம் சிரிப்பானுங்க."

"தே பொங்குஸ் கட்டிட்டு வரேன்" என்று, தேநீர்ப் பொட்டலம் வாங்குகிற சாக்கில் குணா எழுந்து வெளியே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது.

புது பிஸ்டன், புது ரிங், புது சீல் போட்டேன். சிலிண்டரின் கீறல் போக உள்ளே கடைந்து போர் செய்ய அனுப்பினேன். அம்புக்குறியை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பூட்டுமுன் அம்புக்குறியைப் பாருங்கள். திறந்து பார்க்காத என்ஜினைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். அந்த வாய்ச்சொல் ஒருவனுடைய வீட்டுக்குள் போய் எவ்வளவு காலம் உட்கார்ந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

ஸ்டார்ட் செய்கிற நாளன்று அண்ணனும் தம்பியும் ஒரே காரில் வந்தார்கள். குணா பெட்ரோல் டின்னைத் தம்பியிடம் நீட்டி, "நீயே கலக்குடா" என்றார்.

தீபன் எண்ணெயை அளவுக் குவளையில் ஊற்றினான். அதை டின்னில் சாய்க்காமல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

"ரெண்டு பேரும் பாத்துக்குங்க" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

குணா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் குனியத்தான் தோன்றியது. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் அன்று நான் செய்யாமல் விட்டது கண்ணால் பார்ப்பது ஒன்றைத்தானே. கிட்டே போய்க் குவளையின் அளவுக் கோட்டைப் பார்த்தேன்.

"சரியா இருக்கு தம்பி."

அதற்குப் பிறகுதான் ஊற்றினான்.