சட்டைப்பை நிறைய ஊரார் அட்டை

காற்றடிக்கும் பம்பைத் திருடுகிறவனை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மணியைத் திருடினால் ஆசை என்று விட்டுவிடலாம். கிணிங் கிணிங் என்று அடித்துப் பார்த்திருப்பான், விட்டுப் போக மனசு வந்திருக்காது, கையோடு கொண்டுபோயிருப்பான். பம்பைத் திருடுகிறவன் அப்படியா? என் கடைக்கு வந்து, ஓசியில் காற்றடித்துக்கொண்டு, அடித்த சாமானையும் இடுப்பில் செருகிக்கொண்டு, "வரேன் முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போகிறவன். அந்த "வரேன்"தான் எனக்கு ஆறவில்லை.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த காலம் அது. காஜா பெராங்கில் முன்பக்கம் என் சைக்கிள் கடை, பின்பக்கம் குடித்தனம். சனிக்கிழமை என்றால் கால் வைக்க இடமிருக்காது. புக்கிட் ரம்பாயிலிருந்து ஒருவர் பஞ்சரோடு தள்ளிக்கொண்டு வருவார். சம்பளம் வாங்கிய சூட்டோடு பழைய சைக்கிள் பார்க்க நாலு பேர் வருவார்கள், அவர்களோடு வேடிக்கை பார்க்க எட்டு பேர் வருவார்கள். நான் குனிந்து ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருக்கும்போது, என் தலைக்கு மேலே ஒரு கை சீட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் எல்லா முகமும் கோயிலுக்கு வந்த முகம்.

பம்பைச் சங்கிலி போட்டுத் தூணில் கட்டினேன். சங்கிலியோடு போய்விட்டது. அறுத்தது என்னுடைய கட்டரால். கட்டரை மட்டும் ஒழுங்காகத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். எதிர்ச் சாரியில் கோப்பிக்கடை வைத்திருந்தவருக்கு என் நஷ்டம்தான் தினசரி நாடகம்.

"நல்லா வளத்த பிள்ளையா இருக்கும் போலயே. எடுத்த சாமான எடுத்த எடத்துல வெச்சிருக்கானே!" என்றார்.

என் பெண்சாதியின் தம்பி கடையில் எனக்கு ஒத்தாசை. அவனைக் காவலுக்கு நிறுத்தினேன்.

"டேய், நீ ரிப்பேர் ஒண்ணும் பாக்க வேணாம். கண்ண மட்டும் தொறந்து வை."

"கண்ணு தொறந்துதான் இருக்கு அத்தான். நான் இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் போவுது, அந்தப் பக்கம் பாத்தா இந்தப் பக்கம் போவுது. நம்மள பாத்துக்கிட்டேதான் எடுக்கிறானுங்க."

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். பொறுக்க முடியாதது ஓட்டிப் பார்ப்பது. பழைய சைக்கிள் வாங்குகிறவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டான். அது நியாயம். ஆனால் ஒரு மகராசன் தன் குடையை அடையாளத்துக்குக் கொடுத்துவிட்டு ஒரு சுற்றுக்குப் போனான். குடை என்னிடம் இருந்தது, கம்பி உடைந்த குடை. அவன் அந்தச் சுற்றை இன்னும் முடிக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் தொடங்கியதிலிருந்து ஆளுக்கொரு அடையாள அட்டை, ஊர் வாயில் ஐசி. படமும் பெருவிரல் ரேகையும் ஒட்டிய அந்த அட்டை இல்லாதவனுக்கு வேலை இல்லை, வெளியூர் இல்லை. பெண்டாட்டியை மறந்தாலும் அட்டையை மறக்கக் கூடாத காலம். அதை வாங்கி வைத்துக்கொண்டால் எவன் திரும்பி வராமல் இருப்பான்? "ஓட்டிப் பார்க்க ஐசி கொடுக்கவும்" என்று ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டேன். வாங்கிய அட்டைகளைச் சட்டைப்பையில் போட்டு, பைக்கு ஓர் ஊக்கும் குத்திக்கொண்டேன். மலாயாவிலேயே புத்திசாலி நான்தான் என்ற நினைப்பு.

நினைப்பு சில வாரம் நன்றாகவே ஓடியது. பிறகு மாமனாரின் சைக்கிள் வந்தது.

மாமனார் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் படத்தில்கூட எனக்குத் தண்டனை எழுதப்போகிறவர் போலத்தான் நிற்பார். கண் மங்கி, ஓட்ட முடியாமல் போனதும், தினமும் துணி போட்டுத் துடைத்து வைத்திருந்த தன் சைக்கிளை என் கடையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மாப்பிள, நல்ல ஆளா பாத்து வித்துக் குடுங்க. இது ஒண்ணாவது ஒங்க கடையில பத்திரமா இருக்கட்டும்."

அந்த "ஒண்ணாவது" என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதற்கு ரெண்டு பூட்டுப் போட்டேன். அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் நேரில் வந்து விசாரிப்பதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று மத்தியானம் கூட்டம் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். நெட்டையான ஆள், பேச்சு கொஞ்சம். புக்கிட் பாரு பக்கம் வீடு வீடாக ரொட்டி விற்கத் தொடங்கப்போவதாகச் சொன்னார். வரிசையாக நின்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாமனார் சைக்கிளின் மேல்தான் கை வைத்தார்.

"மேட்டுல மிதிச்சுப் பாக்கணும் முதலாளி. ரொட்டிப் பொட்டி கனம்."

"ஐசிய குடுத்துட்டு எங்க வேணாலும் மிதிங்க!" என்றேன். பலகை எழுதியவனின் திமிர். அட்டையைக் கொடுத்தார். ரெண்டு பூட்டையும் திறந்துவிட்டேன். போனார்.

மேடு ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் நான் பதறவில்லை. பிறகு டியூபில் குமிழி வராத இடத்தில் பஞ்சர் ஒட்டினேன். பிறகு ஒரு வாடிக்கையாளரின் பின்சக்கரத்தை அவருடைய முன்பக்கத்தில் மாட்டப் போனேன். கோப்பிக்கடைக்காரர் துண்டால் கை துடைத்துக்கொண்டே குரல் விட்டார்.

"என்னா தம்பி, கிராணி சைக்கிள் போயி ரொம்ப நேரமாச்சி போல?"

"ஐசி என்கிட்ட இருக்கு!"

"ஐசிய மிதிச்சிக்கிட்டா போவ முடியும்?"

அவ்வளவுதான். சட்டென்று எனக்குள் எல்லாம் தெளிவாகிவிட்டது. அட்டை போலி. படம் வேறு எவனோ. ரொட்டி பொய், பெட்டி பொய், புக்கிட் பாருவே பொய். நடுச்சாலையில் நின்றுகொண்டு, "திருட்டுப்பய! ரொட்டிக்காரன்னு சொல்லி ஏமாத்திட்டான்! மாமனார் சைக்கிள்யா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மாள், தமிழ் மறந்த பரம்பரை, எட்டிப் பார்த்து, மலாயில் "காசியான்" என்று பரிதாபப்பட்டார். எனக்கா சைக்கிளுக்கா என்று தெரியவில்லை.

மச்சினன் ஒரு சைக்கிளை எடுத்தான். நான் பின்னால் தாவி ஏறினேன். அவன் மிதிக்க, நான் திட்ட, போலீஸ் நிலைய வாசலில் வந்து இறங்கினோம். இறங்கிய பிறகுதான் அவன் முகம் வெளுத்தது.

"அத்தான், கடைய அப்படியே தொறந்து போட்டுட்டு வந்துட்டோமே!"

ஒரு சைக்கிளைக் காப்பாற்ற ஒரு கடையையே திறந்து விட்டுவிட்டு வந்திருக்கிறேன். "ஓடு!" என்று கத்தினேன். அவன் பறந்தான். நான் உள்ளே போனேன்.

உள்ளே பெஞ்சில் ரொட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். மாமனாரின் சைக்கிள் சுவரோரமாக, கீறல் இல்லாமல், சாய்ந்து நின்றது.

"யோவ் முதலாளி! வந்தியா! என் ஐசிய எடுய்யா முதல்ல!" என்று அவர் எழுந்தார். "மேட்டு மேல நிறுத்தி ஐசி கேட்டாங்க. ஐசி சைக்கிள் கடையில இருக்குன்னு சொன்னா எவன் நம்புவான்? நீ நம்புவியா?"

இத்தனை நாள் அட்டையின் மகிமையைப் பேசிக்கொண்டே, அட்டை இல்லாமல் ஆட்களைச் சாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் பக்கம் கெடுபிடி தளர்ந்திருந்ததால் அதுவரை ஒருவரும் மாட்டவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

மலாய்க்கார சார்ஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஊக்கைக் கழற்றி அட்டைகளை எடுத்தேன். ஒன்றை எடுக்கப் போனால் கொத்தாக வந்து மேசையில் சரிந்தன. அந்த நேரம் ஓட்டிப் பார்க்கப் போயிருந்தவர்கள், முறைக்குக் காத்திருந்தவர்கள், எல்லார் அட்டையும் என் பையில்தானே இருந்தது!

"யாருடையதெல்லாம் இது?" என்று மலாயில் கேட்டார்.

"திருட்டைத் தடுக்கத்தான், துவான்." பயந்தால் என் மலாய் பாதி தமிழாகிவிடும்.

"ஊரார் அட்டையை உன்னை யார் வைத்துக்கொள்ளச் சொன்னது? சரி, உன் அட்டை எங்கே?"

நான் மேல்பையைத் தட்டினேன். கீழ்ப்பையைத் தட்டினேன். கொஞ்சம் வெட்கத்தோடு பின்பக்கத்தையும் தட்டிப் பார்த்தேன். என் அட்டை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. திருடு போகாத இடம் என்று நானே செருகியது.

சார்ஜன் பெஞ்சைக் காட்டினார். ரொட்டிக்காரர் எழுந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. திருட்டுப் புகார் கொடுக்க வந்த யோக்கியனைப் பிடித்து உட்கார வைக்கிற நியாயம் எந்த ஊரில் உண்டு? அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எல்லா அட்டையையும் ரொட்டிக்காரர் கையில் கொடுத்து, கடையில் சேர்த்துவிட்டு என் அட்டையை வாங்கி வரச் சொல்லிவிட்டார். ரொட்டிக்காரர் நேராக மாமனார் சைக்கிளைப் பிடித்தார்.

"துவான், அதுல வேணாம்! நடந்து போவட்டும்!" என்று அலறினேன்.

"நடந்து போனா நீ ராத்திரி இங்கதான் படுக்கணும். சம்மதமா?" என்றார் ரொட்டிக்காரர்.

சம்மதமில்லை. போனார்.

அதன்பிறகு நான் அந்தப் பெஞ்சில் பட்டதை யாருக்கும் சொன்னதில்லை. முன்பாவது அவருடைய அட்டை என்னிடம் இருந்தது. இப்போது அவரிடம் அவர் அட்டை, ஊரார் அட்டை, மாமனார் சைக்கிள். என்னிடம் ஒன்றுமில்லை, ஓர் ஊக்கு மட்டும். என் கணக்குப்படி அவர் மலாக்கா எல்லையில் இருக்கும் தம்பினையே தாண்டிவிட்டார். சார்ஜன் ஒரு கோப்பை தேநீர் கொடுத்தார். அதைக் குடிக்காமல் வாசலையே எட்டி எட்டிப் பார்த்தேன். "சூடா?" என்றார்.

வெளியே பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது. ரொட்டிக்காரர் உள்ளே வந்து என் அட்டையைச் சார்ஜனிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை.

"கடையில ஒண்ணும் போவலியே?" என்றேன்.

"எப்படி போவும்? எல்லார் ஐசியையும் நீ அள்ளிக்கிட்டு வந்துட்ட. ஒருத்தனும் வீட்டுக்குப் போவ முடியாம அங்கேயே நின்னு ஒன்ன திட்டிக்கிட்டிருந்தான். எவன் திருடுவான்?" என்றவர், சைக்கிள் சாவியை விரலில் சுழற்றினார். "பெரியவரு வந்திருந்தாரு. மாப்பிள எங்கன்னாரு. போலீசு புடிச்சி வெச்சிருக்குன்னேன்."

"ஐயோ! என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. அப்புறம் இந்தச் சைக்கிள எனக்கே பேசி முடிச்சிட்டாரு. நல்ல ஆளா பாத்துக் குடுக்கச் சொல்லியிருந்தாராமே? நானே பாத்துக்கிட்டேன்னாரு."

கடை என்னுடையது. துடைத்தது நான், எண்ணெய் போட்டது நான், ரெண்டு பூட்டுப் போட்டது நான். வியாபாரம் மட்டும் என்னைக் கேட்காமல் நடந்திருக்கிறது! அந்த மனிதர் சிரித்ததையும் நான் பார்க்கவில்லை. என் கல்யாணத்திலிருந்து காத்திருந்து ஒரே ஒரு தடவை சிரித்திருக்கிறார், அப்போது பார்த்து நான் பெஞ்சில்.

சார்ஜன், பலகையைக் கழற்றிவிட வேண்டும் என்று விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினார். வாசலிலிருந்து நடக்கத் தொடங்கினேன். ரொட்டிக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்து காலை ஊன்றினார்.

"ஏறு. அந்தப் பக்கம்தான் போறேன்."

"நான் ஒங்கள திருட்டுப்பயன்னு..."

"கேட்டேன். தெரு முழுக்க சொன்னாங்க. ஏறுய்யா."

ஏறினேன். மாமனார் சைக்கிள் சும்மா சொல்லக் கூடாது, மேட்டில் ஒரு முனகல் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு காஜா பெராங் வந்தேன். என் கடை வாசலில் கூட்டம் கலையவில்லை. அட்டை கிடைத்த பிறகும் எனக்காகத்தான் நின்றிருந்தார்கள். கோப்பிக்கடைக்காரர் சாலைக்கே இறங்கி வந்துவிட்டார்.

"என்னாங்கையா, திருடன் கெடச்சானா?"

ரொட்டிக்காரர் மணியை ஒரு தடவை அடித்தார்.

"கெடச்சாச்சி. பின்னால ஒக்காந்திருக்கான்."