ஐந்துக்கு மேல், ஒன்பதுக்குக் கீழ்

அந்த மழைக்காலத்தில் சதுரங்கப்பட்டினத்தில் வீட்டுக்கு வீடு கோழி காணாமல் போய்க்கொண்டிருந்தது. அதே மாதம்தான் செங்கல்பட்டிலிருந்து புதுக் கணக்கு வாத்தியார் வந்தார். ஒல்லியான ஆள். கோழி தின்பவர் மாதிரியே தெரியவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம்.

எட்டாவது படித்த என் மகள் ஒரு நாள், "எம்மா, நம்ம வூட்ல எத்தினி கோழி கீதுன்னு வாத்தியார் கேட்டாரு," என்றாள்.

"நீ இன்னாடி சொன்னே?"

"சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிக்கீதுன்னேன்."

நாங்கள் கோழியை எண்ணி வெளியே சொல்ல மாட்டோம். கண் பட்டுவிடும். இந்த ஆளோ வேறு எதற்கோ கேட்கிறார். மறுநாள் படிப்பை நிறுத்திவிடலாம் என்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அழுதாள்.

"போய், நேத்து வுட்டுட்டு வந்த பையை எடுத்துகினு வா," என்று உள்ளே அனுப்பிவிட்டு ஜன்னலோரம் நின்றேன்.

"வா, உக்காரு. உங்க வீட்டுக் கணக்குதான்," என்று அவளிடம் சொல்லிவிட்டு வகுப்பைப் பார்த்தார் வாத்தியார். "இவங்க கோழி எத்தனைன்னு நமக்குத் தெரிய வேணாம். எக்ஸ்னு வெச்சுக்குவோம். ரெண்டை நரி தூக்கிட்டுப் போச்சு. மீதி?"

"எக்ஸ் கழித்தல் ரெண்டு!" என்றார்கள் பிள்ளைகள்.

எண்ணிக்கையை மூடி வைக்கத் தெரிந்த மனுஷன்தான் என்று கொஞ்சம் ஆறினேன். அதற்குள், "எக்ஸ் அஞ்சுக்கு மேல, ஒம்பதுக்குக் கீழ. என்னென்னவா இருக்கலாம்?" என்றார்.

பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் இருந்தது ஏழு. இப்போது சொன்னால் தப்பில்லை, அவை குழம்பாகி எத்தனையோ வருஷமாயிற்று.

ஜன்னலில் தலையை நுழைத்தேன். "இன்னா வாத்தியாரே, ஆறு, ஏழு, எட்டுன்னு எங்க கூண்டாண்டயே வந்து நின்னுகினு கீறே?"

அவர் சிரித்துவிட்டார். "நாப்பது பேர்ல ஒருத்தரும் சொல்லலம்மா. நீங்க சொல்லிட்டீங்க."

"புகழ்ந்தா வுட்ருவனா? உனுக்கு வயசு இன்னா?"

"இருபத்தஞ்சுக்கு மேல, முப்பத்தஞ்சுக்குக் கீழம்மா."

"பாத்தியா, உன்னுத மட்டும் மூடி வெக்கிறே! எங்க கோழியும் சைபருக்கு மேல, நூறுக்குக் கீழ. அதோட நிறுத்திக்கோ."

அதை அப்படியே பலகையில் எழுதினார். மகள் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இன்னாடி பாக்கறே, உக்காரு," என்றேன்.

சந்தேகம் மட்டும் போகவில்லை. அந்த வருஷம் முழுக்க மீன் விற்றுத் திரும்பும்போதெல்லாம் காலிக் கூடையோடு அந்த ஜன்னலடியில் உட்கார்ந்தேன். காவலுக்குத்தான். வீட்டில் மகள் கணக்கில் திணறினால் ஒன்றிரண்டு விடை என் வாயிலிருந்து வந்திருக்கும். அதை வாத்தியாரிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.