மாமரத்தை மிரட்டிய காலை

என் கை பட்டால் கல்லும் முளைக்கும் என்று எனக்கு ஒரு மிதப்பு. எங்கள் ஊர் செராமிக் கம்பெனியில் விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடிகளைக் கேட்டு வாங்கிவந்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பித்தான் கொல்லையில் தோட்டம் போட்டேன். ஆடியில் ஊன்றிய அவரை நாலைந்து நாளில் மண்ணை முட்டித் தூக்கிக்கொண்டு எழும். அவ்வளவூண்டு விதைக்கு அந்தப் பலம் எங்கிருந்துதான் வருகிறதோ! பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறேன். ஐப்பசி மழைக்குப் பூசணிக்கொடி மதிலேறி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தையில் அவரைக்காய் பறித்து மாளாது.

மாமரம் மட்டும்தான் என்னை ஏமாற்றியது. கல்யாணமான வருஷம் நானும் வீட்டுக்காரரும் வைத்த கன்று. கூரையைத் தாண்டி வளர்ந்ததே தவிர, ஒரு பூ இல்லை. எங்களுக்கும் பிள்ளை இல்லை. வருகிற சொந்தக்காரர்கள் முதலில் மரத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்காரர் ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். இவர் மனசிலும் அந்தக் குறை இருக்குமோ? ஓயாமல் பேசுகிற எனக்கு அதைக் கேட்க மட்டும் தைரியம் வந்ததில்லை.

போன வருஷம் தை மாசம் தெருவெல்லாம் மாம்பூ. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஒரு தடவ மெரட்டிப் பாரேன். நீ அருவாள ஓங்கி வெட்டப்போறேன்னு சொல்லு. ஒன் வூட்டுக்காரரு தடுத்து, 'வுட்டுடு, அடுத்த வருஷம் காய்க்கும்'னு சொல்லணும். மரத்துக்கு ரோஷம் வந்துடும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரரை இழுத்துவந்து மரத்தடியில் நிறுத்தினேன். சொல்ல வேண்டியதை இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அரிவாளை ஓங்கினேன். "ஏ மரமே! இத்தன வருஷம் தின்னு வளர்ந்தியே, ஒரு பிஞ்சு வுட்டியா? ஒன்ன வச்சிக்கிட்டு என்னா புண்ணியம்?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். அது என் மாமியார் வீட்டில் நான் வாங்கிக்கட்டிக்கொண்ட பேச்சு என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் குறுக்கே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "வுட்டுடு" என்றார். அதோடு நிறுத்தினார். மரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"காய்க்கலன்னாதான் என்னா? ஆசையா வச்சது. நம்ம கூடவே இருக்கட்டும்."

"ஐயையோ, மாத்திச் சொல்லிட்டாரே!" என்று மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டார். நான் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, அந்த அக்கா பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதேன்.

இந்த வருஷமும் பூக்கவில்லை. பங்குனியில் கிளை கிளையாகத் தளிர் விட்டது. செம்பு நிறம், வெயில் பட்டால் கண் கூசுகிறது. அடேயப்பா! வருஷா வருஷம் இப்படித்தானே தளிர்த்திருக்கும்? பூவையே தேடிக்கொண்டிருந்த நான் இதை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

அண்ணாந்து நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒரு குடம் தண்ணீரோடு வந்து, "கொஞ்சம் தள்ளிக்க" என்று சொல்லி அடிமரத்தில் ஊற்றினார். பதினைந்து வருஷமாக, ஆட்டோவை எடுக்கும் முன்னால், தினமும் ஊற்றுகிற ஒரு குடம்.