அம்மாவுக்குக் கொடுத்த குரல்

ருவான்வெல்லை கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே எனக்கு நெருக்கம் என்று ஒருத்திதான் இருந்தாள். நான் தோட்டத்துத் தமிழ்ப் பெண், அவள் என்னைவிட மூன்று வயது மூத்த சிங்களப் பெண். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்பாள். பேச்செல்லாம் சிங்களத்தில்தான். மதியம் கடைக்குப் பின்னால் துணிக்கட்டுகளுக்கு நடுவில் சோற்றுப் பார்சலைப் பிரித்ததும், முதல் நாள் டிவியில் போன சிங்கள நாடகத்தின் மீது எங்கள் விசாரணை தொடங்கிவிடும்.

அவள் எதைப் பார்த்தாலும் அழுவாள். நான் எதைப் பார்த்தாலும் குறை சொல்வேன். மூன்று நாளாகப் பட்டினி கிடக்கும் கதாநாயகிக்குக் கன்னம் மட்டும் எப்படி இப்படி உப்பியிருக்கிறது என்று கேட்பேன். "உனக்கு மனசுன்னு ஒன்னு இல்ல, நங்கி" என்பாள். ஆனாலும் என் அபிப்பிராயத்தைக் கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த நாடகங்களில் எப்போதாவது ஒரு தோட்டத் தமிழ் ஆள் வருவான். பங்களா சமையல்காரனாகவோ கங்காணியாகவோ வந்து, சிங்களத்தைக் கடித்துத் துப்பி, சிரிப்பு மூட்டிவிட்டுப் போவான். அந்தக் குரலை நான் அச்சு அசலாகப் பண்ணுவேன். போதாதென்று, ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து இரண்டு தரம் ஆட்டுவேன். அது என் சொந்தச் சரக்கு. கடையில் உள்ளவர்கள் எல்லாம் வந்து நின்று சிரிப்பார்கள். அக்காவுக்குப் புரையேறிவிடும்.

ஒரு தீபாவளிக்கு அக்கா தோட்டத்தில் எங்கள் வரிசை வீடான லயத்துக்கு வந்திருந்தபோது, "அம்மாவுக்கும் பண்ணிக் காட்டு நங்கி" என்றாள். தலையாட்டலும் சேர்த்துப் பண்ணினேன். அம்மா லேசாகச் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அவருடைய சிங்களத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தமிழ்க்காரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கீழே கிராமத்துப் பெண்கள் கல்யாணப் பேச்சுக்குக்கூட அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சண்டைக் காலத்தில் ஆமிக்காரர்கள் வழியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்ட நாட்களில், அம்மா இரண்டு வார்த்தை பேசினால் போதும், எங்களை உட்காரச் சொல்லிவிடுவார்கள். அவரிடம் பெருமைப்பட இருந்த ஒரே சொத்து அதுதான். அக்காவும் ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து அடுப்புப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, என்னிடம் சொல்லாத மாமியார் கதைகளை எல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

அப்படியிருக்க, ஒரு வருடம் எங்கள் தோட்டத்தில் நாடகம் எடுக்க வந்தார்கள். கதையில் தோட்டத்துத் துரையைத் தேடி வரும் கொழும்பு ஆட்களுக்குப் பதில் சொல்ல ஒரு தொழிலாளிப் பெண் வேண்டும் என்றார்கள். எல்லோரும் அம்மாவைத் தள்ளிவிட்டார்கள். "துரை பங்களாவில் இல்லை, விடியவே கீழ் டிவிசனுக்குப் போய்விட்டார், இருங்கள், ஆள் அனுப்புகிறேன்." அவ்வளவுதான் வசனம். அம்மா தன் சுத்தமான சிங்களத்தில் ஒரே தடவையில் சொல்லிவிட்டார். எடுத்தவர் கை தட்டினார். அன்று முழுக்க அம்மா தரையில் நடக்கவில்லை.

பல மாதம் கழித்து அது டிவியில் வந்தது. பின்னேரமே எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் லயமே கூடிவிட்டது. அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, வேலைக்குப் போகும்போது கட்டாத சேலையைக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். கடைசியில் அம்மாவின் முகம் வந்தது. வாய் திறந்தது. அதிலிருந்து வேறு யாரோ ஒருத்தியின் குரல் வந்தது. அதே குரல். சமையல்காரன் குரல், கங்காணி குரல், கடித்துத் துப்பிய சிங்களம். கொழும்பு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் காம்பிராவிலும் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா எழும்பிப் போய்க் காலிக் கோப்பைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

கை தட்டிப் படம் பிடித்துக்கொண்டு போய் இப்படிச் செய்தார்களே என்று விடியும்வரை பொருமினேன். ஒரே ஆறுதல், மறுநாள் அக்கா இருக்கிறாள். அம்மாவின் பேச்சை அடுப்படியில் உட்கார்ந்து கேட்டவள். என்னைவிட அவள்தான் கொதிப்பாள் என்று நினைத்தேன்.

பார்சலைப் பிரிக்கும்போதே அவள் தொடங்கினாள். "நேத்து பார்த்தேன் நங்கி. அம்மா எவ்வளவு இயல்பா நடிச்சிருக்காங்க."

"அது அம்மாவோட குரல் இல்லையே, அக்கா."

"அது தெரியும்." மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னாள். "ஆனா அம்மா நம்மள மாதிரி பேசுனா, தமிழ் ஆளுன்னு பாக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் சொன்னாள். இத்தனை வருடம் ஒரே சோற்றுப் பார்சலைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவள் என்னை முதுகில் குத்திவிட்டாள், குத்தினது கூட அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் அம்மாவிடம் சொன்னேன். என்னோடு சேர்ந்து அவரும் திட்டவேண்டும் என்று எதிர்பார்த்தேன். "அப்பிடியா சொன்னா" என்றார், அவ்வளவுதான்.

அந்தத் தீபாவளிக்கும் அக்கா பிஸ்கட் பெட்டியோடு வந்தாள். வாசலிலேயே அம்மா, "வா மகளே, உள்ள வா" என்றார், டிவியில் வந்த அந்தக் குரலில். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா நல்லா பண்றாங்க நங்கி." கால் வலி எப்படி என்று கேட்டாள். அதற்கும் அந்தக் குரல். அப்பா எங்கே என்று கேட்டாள். அதற்கும் அதுதான். அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. முறுக்குத் தட்டை நீட்டினார், பிளேன்டீ ஊற்றினார், எல்லாம் அந்தக் குரலிலேயே. அக்காவின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"போதும்மா. ஒழுங்கா பேசுங்க" என்றாள்.

"ஒழுங்கா பேசுனா நான் தமிழ் ஆளுன்னு ஒனக்கு எப்படி மகளே தெரியும்?"

அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவள் என்னை நம்பிச் சொன்னதை நான் வீட்டில் வந்து கொட்டிவிட்டேன் என்று அந்தப் பார்வையில் இருந்தது. பாதி கடித்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழும்பினாள். நான் ரோடு வரைக்கும் கூடப் போகவில்லை.

அம்மா அந்தத் தட்டை எடுத்தார். எங்கள் தமிழில், தன் சொந்தக் குரலில் கேட்டார். "எப்படி இருந்துச்சு? எல்லா நாடகத்துக்கும் நீதானே அபிப்பிராயம் சொல்லுவ."

வார்த்தைக்கு வார்த்தை டிவியில் வந்த குரலேதான். ஆனால் ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் அம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்து இரண்டு தரம் ஆட்டினார். டிவியில் அந்த ஆட்டல் இல்லை.