கெம்பம்மா படித்துக் காட்டிய போர்டு

பத்து நாள் முன்பு, இரும்புத் தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்யும் நம் பிரஸ் ஷாப்புக்கு ஒரு கொரிய இன்ஜினீயர் வந்திருந்தார். புது மிஷின் பொருத்திக் கொடுக்க வந்த மனிதர். ஐம்பது வயது இருக்கும்.

நான் அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவன். சூளகிரியில் ஒரு ஷெட், ஒரே ஒரு பழைய பிரஸ்... அதில் தொடங்கி இன்றைக்கு ஓசூரில் அறுபது பேருக்கு வேலை கொடுக்கிறேன். கொரியாக்காரரிடம் இங்கிலீஷிலேயே பேசினேன், யார் துணையும் இல்லாமல். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, உங்களுக்குத் தெரியாததா?

டீ குடிக்கும்போது அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கென்று சின்ன வயதிலேயே நிறுத்திவிட்டார்களாம். எழுபது வயதுக்குமேல், ஊரில் வயதான பெண்களுக்கென்று நடக்கும் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றாராம்.

"பஸ் போர்டைத் தானே படித்து ஏறிய அன்று, எனக்குப் போன் பண்ணி அழுதார்" என்றார். பிறகு கேட்டார்: "இங்கே எப்படி?"

"அதெல்லாம் அந்தக் காலம். எங்க ஃபேக்டரியில படிக்கத் தெரியாதவங்க ஒருத்தரும் கிடையாது" என்றேன்.

ஏன் சொன்னேன்? கொரியாவுக்கு முன்னால் நம் நாடு இளைத்துப் போகக் கூடாதாம்.

மனிதருக்கு ஒரே சந்தோஷம். பெருக்கிக்கொண்டிருந்த கெம்பம்மாவைக் காட்டி, "அவர் ஒரு சேஃப்டி போர்டைப் படிக்கட்டும். வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறேன்" என்றார்.

கெம்பம்மாவுக்கு ஊர் கெலவரப்பள்ளிப் பக்கம். அறுபதைத் தொடப் போகிறவள். என்னிடம் இருபது வருடமாக வேலை செய்கிறாள். எழுத்து தெரியாது. சேஃப்டி வகுப்பு முடிந்ததும் ரிஜிஸ்தரில் அவள் கையெழுத்தை சூப்பர்வைசரே போட்டுவிடுவார் — ஆடிட்டுக்கு வருகிறவர்கள் கைநாட்டைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள் இல்லையா? யார் சொல்லி? நான் சொல்லித்தான்.

"கெம்பம்மா, சேஃப்டி போர்டைக் கொஞ்சம் படிச்சுக் காட்டும்மா."

என்னை ஒரு கணம் பார்த்தாள். துடைப்பத்தை ஓரமாக வைத்தாள். தூணில் இருந்த போர்டில் விரலை வைத்து, மெல்ல நகர்த்தி...

"மிசின் ஓடறப்ப கைய உள்ள உடக்கூடாது. ரெண்டு கையாலயும் பட்டன அமுக்கணும். முந்தானைய இழுத்துச் சொருவிக்கணும்."

ஒரு சொல் தவறவில்லை. எல்லாம் வகுப்பில் காதால் கேட்டது. ஆனால் போன மாதம் வெள்ளையடித்தபோது போர்டுகளை இடம் மாற்றியிருந்தோம். அவள் விரல் வைத்திருந்தது, குடிதண்ணீரை வீணாக்காதீர்கள் என்ற போர்டில்.

தமிழ் தெரியாத கொரியாக்காரர் வீடியோவை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். நானும் தட்டினேன்.

அவர் போனபிறகு என் ரூமுக்கு வந்தாள். "செரியாச் சொன்னனாண்ணா? வேலைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

வேலை போய்விடுமென்ற பயத்தில் அவள் அப்படிச் செய்தாள். எனக்கு என்ன பயம்?

படிக்காத பெரியவர்கள் அந்த நாட்டிலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். தெரியாது என்று சொன்னவர்களுக்கு அங்கே பெஞ்சு போட்டார்கள். நான் கையெழுத்துப் போட ஆள் போட்டேன்.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அந்த அம்மா கைப்பட எழுதிய, கோணல்மாணலான நாலு வரி. கீழே மகன் இங்கிலீஷில் விளக்கம் கொடுத்திருந்தார். கெம்பம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என்னண்ணா எழுதியிருக்குது?"

"'தங்கச்சி, ரொம்ப நல்லாப் படிச்ச. நீ எந்த வயசுல கத்துக்கிட்ட?'ன்னு அந்தக் கொரியாக்காரரோட அம்மா கேக்கறாங்க. அவங்க எழுபது வயசுக்கு மேல கத்துக்கிட்டவங்களாம்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னும் கத்துக்கலைன்னு எழுதிருங்கண்ணா. பாவம், அவங்களையும் ஏமாத்த வேணாம்."

சரி என்றேன். ஒரு வாரமாகிறது... நான் இன்னும் எழுதவில்லை.